உப்பும் இரும்பும்: பழைய பிக்கப்பை முற்றத்தில் வைத்துக் காப்பது

(கோட்டாற்றில் வியாபாரிகளும் வாகன உரிமையாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்போளத்தில் சரக்கை இறக்கிப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்பது வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தாலே தெரிகிறது. டாடா 207 நிற்கிறது, மகிந்திரா பிக்கப் நிற்கிறது, பெயின்ட் வெளிறிய குட்டியானை நிற்கிறது. பெரும்பாலும் டிஎன் 74. அந்த வண்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் மெக்கானிக் இல்லை. புளியும் அரிசியும் ஏற்றுகிற ஒரு பழைய பிக்கப்பை முற்றத்தில் நிறுத்தி, அதைக் கொண்டு பிழைக்கிறவன். அதனால் மெக்கானிக்குகள் சொல்லாத சிலதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

பழைய வண்டி என்றதும் எல்லோரும் பானட்டைத் திறக்கிறார்கள். ஆயில் பார்க்கிறார்கள், பெல்ட்டை அமுக்கிப் பார்க்கிறார்கள், புகையின் நிறத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். பார்க்கட்டும். ஆனால் நம் ஊரில் பிக்கப் வண்டி இன்ஜினால் சாவதில்லை. சிலிண்டர் தேய்ந்தால் புது லைனர், பிஸ்டன் போடலாம். கிராங்க் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துச் சாணை பிடிக்கலாம். நாசில் போனால் மாற்றலாம். சேசிஸ் உளுத்துப்போனால் என்ன செய்வீர்கள்? இங்கே வண்டியைக் கொல்வது ஓட்டம் இல்லை, பாரமும் இல்லை. உப்பு. அந்த உப்போடு போராடுகிற வேலை முழுக்க வீட்டு முற்றத்தில் நடக்க வேண்டிய வேலை. எந்த ஒர்க்‌ஷாப்பும் உங்களுக்காக அதைத் தினசரி செய்யாது.

மணக்குடிக் கடற்கரை இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கடல்காற்று வீட்டுக் கம்பிச் சன்னலை என்ன செய்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அது போதாதென்று நாம் உப்பை விலைகொடுத்து வண்டியில் ஏற்றுகிறோம். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களிலிருந்து மூட்டை வருகிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் பெட்டி வருகிறது. ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்புமாகப் பலகை இடுக்கு வழியே சேசிஸ் மேல் சொட்டிக்கொண்டே வருகிறது. போதாக்குறைக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. தமிழ்நாட்டின் மற்றப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு பருவமழையைத்தான் நம்பியிருக்கிறார்கள். நமக்கு இரண்டும் உண்டு. விவசாயத்துக்குப் பாக்கியம், சேசிஸுக்கு இல்லை.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு வேதியியல் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகிவிடும், துருவும் வேகம் பிடிக்கும். இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது இது: உப்புக்குத் தண்ணீரை ஊற்றவே வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணச் சமையல் உப்பே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விடுகிறதே, அதுவேதான். அப்படியானால் பங்குனி வெயிலில் நிற்கிற வண்டியின் அடியிலும், சேறு காய்ந்து ஒட்டியிருக்கிற மூலையிலும், இரும்பு நனைந்துகொண்டுதான் இருக்கிறது. ‘நம்ம வண்டி காஞ்சுதானே நிக்கி’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வண்டியைக் கழுவுவதில் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு மேலெல்லாம் பளபளவென்று கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிறோம். அந்த எலுமிச்சம்பழத்தை வைக்கக் குனிகிறபோதுகூட ஒருவரும் கீழே எட்டிப்பார்ப்பதில்லை. கழுவவேண்டியது கீழேதான். மீன் ஏற்றினாலோ உப்பு ஏற்றினாலோ அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவவேண்டும். சோப்பு, ஷாம்பு ஒன்றும் தேவையில்லை. நிறையத் தண்ணீர் போதும். சக்கர வளைவுக்குப் பின்னால், ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டுகிற இடம், கேபின் சேசிஸ் மேல் உட்காருகிற ரப்பர்த் தாங்கிகளைச் சுற்றி, டீசல் டேங்கின் பட்டைக்கு உட்புறம். இந்த நாலு இடமும் சேறு சேருகிற இடங்கள். வீட்டுக் கிணறு உவர்க்கிறதென்றால் அதில் கழுவாதீர்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

வாட்டர் சர்வீஸில் விட்டுக் கீழே அழுத்தத்தில் அடிப்பவர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். அந்த அழுத்தம் சேற்றை மட்டும் தள்ளாது. ஷேக்கிள் பின், கிங்பின், புரொப்பெல்லர் ஷாப்ட்டின் யூ-ஜாயிண்ட் என்று கிரீஸ் இருக்கிற இடங்களில் தண்ணீரையும் புகுத்திவிடும். எனவே தண்ணீர் அடித்த அன்றைக்கே கிரீஸ் அடிக்கவேண்டும். ஒரு கிரீஸ் கன் வாங்கி வீட்டில் வையுங்கள். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கறுத்த கிரீஸ் வெளியே வந்து புது கிரீஸ் எட்டிப்பார்க்கிற வரை அடிக்கவேண்டும். அடைத்துப்போன நிப்பிளை மாற்ற ஆகிற செலவு டீக்குச் சமம். அதை மாற்றாமல் விட்டு, பின்னும் புஷ்ஷும் தேய்ந்து கிங்பின் மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்!

அடுத்தது, கேபின் கதவுக்கும் சேசிஸ் பெட்டிக்கும் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகள். கம்பெனிக்காரர் காரணமில்லாமல் வைக்கவில்லை. அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து அழுகும். சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் குத்திவிடுங்கள். அப்படியே டிரைவர் காலடியில் இருக்கிற ரப்பர் விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். கண்ணாடி ரப்பர் வழியே கசிந்த மழை அங்கே தேங்கி, தகரத்தைச் சல்லடையாக்கியிருக்கும். பேட்டரித் தட்டுக்கும் இதே கதைதான். அங்கே உப்போடு அமிலமும் சேர்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவினால் அமிலம் அடங்கும். பேட்டரிக்குள் மட்டும் அது விழக்கூடாது.

இனி ஒரு சர்ச்சைக்குரிய விஷயம். நம் ஊரில் கீழே வேஸ்ட் ஆயில் அடிக்கிற வழக்கம் இருக்கிறது. இன்ஜினிலிருந்து எடுத்த கறுப்பு ஆயிலை டீசலோடு கலந்து சேசிஸ் முழுக்கத் தெளித்துவிடுவார்கள். பெரியவர்கள் செய்தது என்பதால் எனக்கு அதில் மரியாதை உண்டு, சம்மதம் இல்லை. துருவைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் எல்லாம் எண்ணெய் பட்டு ஊதிப்போகும். பிரேக் லைனரில் பட்டால் ஆளையே கொல்லும். புழுதி ஒட்டிப் பசையாகி, அந்தப் பசைக்கு அடியில் ஈரம் தங்கும். எல்லாவற்றுக்கும் மேல், முதல் மழையில் அது வழிந்து முற்றத்தில் இறங்கி, கிணற்றுக்கும் பழையாற்றுக்கும் போகும். பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவரிடம் கொடுப்பதே சரி. சேசிஸுக்கு வேறு வழி இருக்கிறது. வயர் பிரஷ் போட்டு உதிர்கிற துருவை எடுங்கள். ஒட்டியிருக்கிற மெல்லிய துருவின் மேல் கடையில் கிடைக்கிற துருமாற்றித் திரவத்தைப் பூசுங்கள். அதில் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். இரும்போடு சேர்ந்து கறுப்பாகி ஒட்டிக்கொள்ளும். ஓலைச்சுவடிக் காலம் முடிந்து காகிதம் வந்தபோது கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். அது காய்ந்தபின் பிரைமர், அதன் மேல் தார் அல்லது மெழுகு கலந்த அடிப்பூச்சு. துருவை எடுக்காமல் மேலே தார் பூசுவது மட்டும் கூடவே கூடாது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டப் போகிற முந்தின நாள் பூசுகிறார்களே, பெரும்பாலும் அந்த வகை.

லோடு பாடியில் பலகை போட்டிருக்கிறவர்கள் அதைக் கழற்றிப் பார்த்து எவ்வளவு நாளாகிறது? மரப்பாடி நம் பக்கத்துப் பழைய பழக்கம். 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு சொந்தமாகப் பேருந்து ஓட்டத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்தது கம்மர் சேசிஸும் பெர்கின்ஸ் டீசல் இன்ஜினும்தான். பாடியை இங்கே உள்ளூர் மரத்தில் கட்டினார்கள். லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து சால்ட்டர் என்கிற துரையைக் கூப்பிட்டு மேற்பார்வைக்கு வைத்திருந்தார்கள். திருவனந்தபுரம் – நாகர்கோவில் சாலை அந்த வண்டிகள் முதலில் ஓடிய பாதைகளில் ஒன்று. மரம் துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் நனைந்த மரம் இரும்புக்கு மேல் வருஷக்கணக்கில் படுத்துக்கிடந்தால், ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டது மாதிரி. பலகைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே ஒரு ரப்பர்த் துண்டு வைத்து இடைவெளி விடுங்கள். காற்று போகும், நீர் வடியும்.

அந்தக் காலத்து வண்டிக்காரருக்குப் பராமரிப்பு விருப்பத்தின்பாற்பட்டதாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, மரக்கரியை எரித்து வருகிற வாயுவில் வண்டி ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் கரிவாயுக் கலத்தைச் செய்து விற்றது. கரிவாயு வண்டியில் சாம்பலை வாரி, வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் மறுநாள் வண்டி நகராது. டீசல் வண்டி அப்படி இல்லை. எவ்வளவு அலட்சியத்தையும் பொறுத்துக்கொண்டு ஓடும். அதுதான் நம்மைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

டி.வி.எஸ். என்றதும் ரேடியேட்டர் ஞாபகம் வருகிறது. அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் நம் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற திருக்குறுங்குடி. அவர்களுடைய சுந்தரம் பாஸ்னர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. சாதாரண மூடியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த ஸ்பிரிங் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் உள்ளே இருக்கிற தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரிவரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், வேறு எந்தக் கோளாறும் இல்லாமலே ஏற்றத்தில் வண்டி கொதிக்கும். ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மூடியை மாற்றிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறந்துவிடாதீர்கள்.

கூலண்ட் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ‘நமக்குப் பனியா பெய்யுது, எதுக்குக் கூலண்ட்? கிணத்து வெள்ளமே போதும்’ என்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். இங்கே நமக்கு வேண்டிய வேலை வேறு: உள்ளே துருப்பிடிக்காமல் தடுக்கிற மருந்து அதில் கலந்திருக்கிறது. கிணற்று நீரின் சுண்ணாம்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். வாட்டர் பம்பின் இறக்கையை அரிக்கும். கூலண்டை டிஸ்டில்ட் வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். அது இனிக்கும், ஆனால் விஷம். நாயும் குழந்தையும் நக்காதபடி, வடித்ததைப் பத்திரமாக மூடிவையுங்கள்.

இன்ஜினைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரோ, ஒரு வருஷமோ, எது முந்துகிறதோ அப்போது ஆயிலும் பில்டரும் மாற்றுங்கள். ஏர் பில்டரைத் தட்டிவிட்டுத் திரும்பப் போடுவது சிக்கனம் இல்லை. டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, கீழே தேங்கிய தண்ணீரை மழைக்காலத்தில் அடிக்கடி வடித்துவிடுங்கள். பில்டர் மாற்றியபின் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் பயப்படவேண்டாம். காற்று புகுந்திருக்கும். பில்டர் தலையில் இருக்கிற திருகைத் தளர்த்தி, கையால் பிரைமர் பம்பை அடியுங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். இதற்கு மெக்கானிக்கைத் தேடி ஓடுவது வீண்.

இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்குச் சொன்னது. காமன் ரெயில் வந்த வண்டிகளில் எரிபொருள் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். அங்கே ஸ்பானரைக் கொண்டுபோகவே கூடாது. பழைய வண்டியிலும் நாசிலிலிருந்து பீய்ச்சுகிற டீசலுக்கு நேரே விரலைக் காட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், விரலையே இழக்க நேரிடும்.

முற்றத்தில் செய்யக்கூடாத வேலைகளை நான் கறாராகவே சொல்வேன். ஸ்டியரிங் பாக்ஸ், இன்ஜெக்‌ஷன் பம்ப் கேலிப்ரேஷன், சேசிஸ் வெல்டிங் இதெல்லாம் நமக்கு இல்லை. வண்டிக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே புகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள். சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் இறங்குங்கள்.

பிரேக்கை எந்தப் பக்கம் சேர்ப்பது? பார்ப்பது நம் வேலை, பிரிப்பது மெக்கானிக் வேலை என்பது என் கட்சி. சேசிஸ் ஓரமாகப் பின்சக்கரத்துக்குப் போகிற இரும்புக் குழாயை டார்ச் அடித்துத் தடவிப் பாருங்கள். கிளிப் பிடித்திருக்கிற இடத்தில் உப்பு தேங்கிச் செதில்செதிலாக உரியும். சும்மா ஓட்டும்போது அது தாங்கிக்கொள்ளும். குறுக்கே ஆடு பாய்ந்து, நீங்கள் முழுப் பலத்தோடு மிதிக்கிற அந்த ஒரு தடவைதான் வெடிக்கும். செதில் கண்டால் மாற்றச் சொல்லிவிடுங்கள். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், கீரிப்பாறைப் பக்கம் பாரத்தோடு இறங்கும்போது கொதித்து, பெடல் பஞ்சுபோல் இறங்கிவிடும்.

தண்ணீரில் நின்ற வண்டியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது, 2021 நவம்பரில் மறுபடி வெள்ளம், 2023 டிசம்பரிலும் மழை கொட்டியது. இனியும் வரும். வண்டி சக்கரம் முங்க நின்றிருந்தால் முதலில் சாவியைத் தொடாதீர்கள். ஏர் பில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பில்டர் காய்ந்திருந்தாலும் வேலை முடியவில்லை. ஓடிச் சூடான பின் ஆக்சில் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது, உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து டிபரன்சியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால்காப்பி நிறமாக இருந்தால் மொத்தமும் மாற்றவேண்டும். கிரவுன், பினியன் போனபின் அழுவதற்கு இது எவ்வளவோ மலிவு. அந்த மூச்சுத் துளையில் ஒரு ரப்பர் ட்யூபை மாட்டி, மேலே பாடி உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் அடுத்த வெள்ளத்துக்குக் கவலை குறையும். சக்கர பேரிங்குகளையும் கழற்றிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, எப்போது விடுவது என்கிற கேள்வி. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி.; பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரலில் கட்டணமும் ஏறியது. டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷக் கெடு போட்டார்கள். இங்கே வயதைப் பார்த்து அல்ல, தகுதியைப் பார்த்துத்தான் தீர்மானம். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்தத் தகுதியை எஃப்.சி. நாளில் மட்டும் தேடக்கூடாது. என் கணக்கு சுலபமானது. பின் ஸ்பிரிங் மாட்டுகிற தாங்கியைச் சுற்றி, சேசிஸைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். சொத்தென்று கேட்கிற இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால், தகடு வைத்து ஒட்டுப்போட்டு இன்னும் இரண்டு வருஷம் இழுக்கலாம் என்கிற யோசனை வேண்டாம். ஒன்றரை டன் பாரத்தோடு பார்வதிபுரம் பாலத்தில் போகிறபோது ஸ்பிரிங் கழன்றால், பின்னால் டூவீலரில் வருகிறவர் என்ன பாவம் செய்தார்? இன்ஜினை விற்றுக் காசாக்கிக்கொள்ளுங்கள். சேசிஸ் காயலான்கடைக்குப் போகட்டும். இறங்கவில்லையென்றால், அந்த வண்டிக்கு இன்னும் வயது இருக்கிறது.

கேள்விகளை வெளியே வைத்துக்கொள்ளலாம். என் வண்டி வாசலில் ஸ்டாண்டில் ஏற்றித்தான் நிற்கிறது. டார்ச், சுத்தியல், கிரீஸ் கன் எல்லாம் பாடியில் இருக்கிறது. இரண்டு இரண்டு பேராக வாருங்கள். கீழே விரிக்கச் சாக்கு போட்டிருக்கிறேன், வெள்ளை வேட்டிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.